பதினோரு டப்பா மாத்திரை

அந்த யோசனை என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் நான் பல்கலைக்கழகத்தைத் திட்டுவேன், மருந்துக் கம்பெனியைத் திட்டுவேன், எங்கள் ஊர்க்காரர்களையும் விட்டுவைக்க மாட்டேன். எல்லாரையும் திட்டி முடித்த பிறகும் அந்த யோசனை என்னுடையதாகத்தான் இருக்கும்.

என் பெயர் உண்ணாமலை. கீழ்பென்னாத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பி.காம். படித்தவள். பட்டா மாற்றம், சாதிச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் என்று எதுவானாலும் ஊர் என்னிடம்தான் வரும். உண்ணாமலை சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பெயர். அந்தப் பெயர்தான் எங்களைக் கெடுத்தது.

என் வீட்டுக்காரர் முருகவேலுக்கு நாற்பத்தோரு வயது. மூன்று ஏக்கரில் நெல்லும் மல்லாட்டைக் கடலையும் போடுகிறோம். அவருக்குச் சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, பீடி, குடி எதுவும் கிடையாது. இருந்தும் இரண்டு கிட்னியும் கெட ஆரம்பித்துவிட்டன. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு இப்படி வருகிறது, காரணம் இன்னும் சரியாகத் தெரியவில்லை என்றார்கள். காரணமே தெரியாத வியாதிக்கு வைத்தியம் மட்டும் எங்கிருந்து வரும்? உப்பைக் குறைங்க, தண்ணியை அளந்து குடிங்க, முற்றிப்போனால் டயாலிசிஸ். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் டயாலிசிஸில் இருந்து செத்திருந்தார்கள். அவர்களுடைய கை எப்படி வீங்கியிருந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். வீட்டில் நாங்கள் அதைப் பற்றிப் பேச மாட்டோம்.

அப்படி இருக்கும்போதுதான், போன சித்திரையில், திருவண்ணாமலையில் ஆசிரமம் தாண்டிச் செங்கம் ரோட்டில் இருக்கும் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆராய்ச்சிக்கு ஆள் எடுத்தார்கள். வாசலில் புது போர்டு. பல்கலைக்கழகத்தின் பெயரும் மருந்துக் கம்பெனியின் பெயரும் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெண் பெயர் போட்ட மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மருந்தைக் கண்டுபிடித்தவர் அங்கே இருக்கும் பேராசிரியர் டாக்டர் இளவரசன். பன்னிரண்டு வருஷம் லேபிலேயே கிடந்தாராம். ஆனால் அதை மாத்திரையாக்கி மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப் பல்கலைக்கழகத்திடம் வசதி இல்லை. அதனால் கம்பெனியோடு ஒப்பந்தம்.

எங்களுக்கு விளக்கிச் சொன்னது அருணாதேவி என்ற பெண். ஆராய்ச்சியில் சேருகிறவர்களைக் கவனிக்கிற வேலை அவளுக்கு. பொறுமைசாலி. ஒவ்வொரு பக்கமாகப் படித்துக் காட்டினாள்.

"பாதிப் பேருக்கு மருந்து இருக்கிற மாத்திரை. பாதிப் பேருக்கு வெத்து மாத்திரை, உள்ளே ஒண்ணும் இருக்காது. பாக்கறதுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும். எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அப்பதான் மருந்து வேலை செய்யுதான்னு உண்மை தெரியும். புரியுதா அக்கா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழி இல்லை.

மொத்தம் முப்பது பேர். அதில் பதினோரு பேர் கீழ்பென்னாத்தூர் பக்கம். எங்களுக்கு மாதம் ஒரு முறை ஒரு வேன் வரும். போனதும் ரத்தம் எடுப்பார்கள். பழைய டப்பாவில் மிச்சம் எத்தனை மாத்திரை என்று எண்ணுவார்கள். புது டப்பா கொடுப்பார்கள். ரத்தத்தில் என்ன இருந்தது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். அது நேராகக் கம்பெனிக்குப் போய்விடும், ரொம்ப மோசமானால் கூப்பிடுவோம் என்றார்கள்.

இரண்டாவது வாரத்திலிருந்து என் வீட்டுக்காரர் வாந்தி எடுக்க ஆரம்பித்தார். காலையில் மாத்திரை போட்டால் பத்து மணிக்குள் ஒரு தடவை. சோறு இறங்கவில்லை. அருணாதேவியிடம் சொன்னோம். எழுதிக்கொண்டாள், வாந்திக்கு மாத்திரை கொடுத்தாள், "சில பேருக்கு இருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். அதே வேனில் வரும் பரசுராமன் நாளுக்கு நாள் தெளிவாகிக்கொண்டு வந்தார். மச்சான் வீட்டுக் கல்யாணத்தில் மூன்று தரம் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டதை வேனில் ஏறியதும் சொன்னார். என் வயிறு எரிந்தது. இவருக்கு மருந்து வந்திருக்கிறது, என் புருஷனுக்குச் சுண்ணாம்புக் கட்டி வந்திருக்கிறது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். கிட்னி கெட்டால் வாந்தி வரும் என்று, டயாலிசிஸில் செத்துப்போன எதிர் வீட்டுக்காரர் விஷயத்தில் பார்த்தவள் நான். மருந்து வேலை செய்திருந்தால் வாந்தி வராமல் இருந்திருக்க வேண்டாமா?

ஆடி இரண்டாவது வெள்ளிக்கிழமை. நாலாவது டப்பா வாங்கிக்கொண்டு வேனில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். ஒரு ஊரில் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், ரோட்டை அடைத்துக்கொண்டு கூட்டம். வேன் நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலும் கூழ் காய்ச்சி எடுத்து வந்து கோயில் அண்டாவில் கொட்டுவார்கள். எல்லா வீட்டுக் கூழும் ஒன்றாகக் கலந்த பிறகுதான் சாமிக்குப் படைத்து ஊருக்கு ஊற்றுவார்கள். வேனுக்குள் எல்லாரும் மடியில் ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜோதியம்மாள் அழுதாள். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், களையெடுக்கப் போகிறவள், புருஷன் இல்லை. "எனக்கு வெத்து மாத்திரைதான் கண்ணு வந்து கீது. எனக்குன்னு என்னிக்கு நல்லது வந்துச்சு?" என்றாள்.

அப்போது என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"அதோ பாருங்க. யார் வீட்டுக் கூழ் கெட்டி, யார் வீட்டுக் கூழ் தண்ணின்னு அண்டாவுக்குள்ள போனா தெரியுதா? நாமளும் கலந்துட்டா இன்னா? பதினோரு டப்பாவையும் ஒண்ணாக் கொட்டிக் கலக்கி, எண்ணித் திரும்பப் போட்டுக்கலாம். யாருக்கும் முழுசா வெத்துன்னு இருக்காது. எல்லாருக்கும் பாதி மருந்தாவது நிச்சயம்."

பரசுராமன், "நியாயமான பேச்சு" என்றார். ஜோதியம்மாள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் மட்டும், "கையெழுத்துப் போட்டுக் குடுத்துக்கிறோமே உண்ணா, தப்பில்லையா?" என்றார்.

"மாத்திரையை முழுங்கறேன்னுதானே கையெழுத்துப் போட்டோம்? முழுங்கத்தான போறோம்" என்றேன்.

பெரிய நியாயவாதி நான். பதினோரு பேருக்கும் பொதுவாக நல்லது செய்ததாக ஊர் நினைத்தது. பொய். அடுத்தவர் டப்பாவிலிருந்து என் புருஷனுக்குக் கொஞ்சம் மருந்து திருட எனக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்கு நான் போட்ட பெயர் நியாயம்.

ஊரில் இறங்கியதும் என் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, பெரிய எவர்சில்வர் குண்டானில் எல்லாவற்றையும் கொட்டிக் கிளறினோம். ஒரே வெள்ளை, ஒரே வட்டம். எண்ணி எண்ணித் திரும்பப் போட்டேன். மாதாமாதம் இதே வேலை. அருணாதேவி எண்ணும்போது ஒரு மாத்திரைகூடக் குறையாது. இதைக் கேள்விப்பட்டு அடி அண்ணாமலை பக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும் ஏழு பேரும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். என்னிடம் வந்து எப்படிக் கலப்பது என்று கேட்டுவிட்டே போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏனென்றால் வாந்தி நின்றுவிட்டது. கலந்து கொடுத்த முதல் வாரமே குறைந்தது, மூன்றாவது வாரம் சுத்தமாக நின்றது. அவர் இரண்டாம் தரம் சோறு கேட்டார். நான் சமையல்கட்டில் திரும்பி நின்று அழுதேன். ஆவணிப் பௌர்ணமிக்குத் தனியாகப் போய் மலையைச் சுற்றி வந்தேன். பதினாலு கிலோமீட்டரும் அண்ணாமலையாருக்கு நன்றி சொல்லிக்கொண்டே நடந்தேன்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கடையில் இருக்கும்போது அருணாதேவி போன் செய்தாள்.

"அக்கா, ஸ்டடியை நிறுத்திட்டாங்க. மருந்து சாப்பிட்டவங்களுக்கும் வெத்து மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் வித்தியாசமே இல்லையாம். கம்பெனி போதும்னு சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை பாக்கி மாத்திரையெல்லாம் எடுத்துக்கிட்டு எல்லாரும் வந்துடுங்க. அண்ணனோட ரிப்போர்ட்டை மட்டும் டாக்டர்கிட்ட தனியாப் பேசணும்."

"வித்தியாசமே இல்லையா?" என்று கேட்டேன்.

"துளிகூட இல்லக்கா."

போனை வைத்துவிட்டேன். எதிரே ஒரு பெண் ஆதார் கார்டை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் இயந்திரத்தின் மூடியைத் திறந்தபடியே நின்றேன். எப்படி வித்தியாசம் இருக்கும்? வித்தியாசம் இருக்கக் கூடாது என்றுதானே ஏழு மாதமாக உட்கார்ந்து கலக்கினேன்? அந்தப் பெண், "அக்கா, உடம்பு சரியில்லையா?" என்றாள். கார்டை வாங்கி இயந்திரத்தில் வைத்தேன்.

என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. இரண்டு ராத்திரியும் ஒரே கணக்குத்தான் மனதில் ஓடியது. நான் உண்மையைச் சொல்லிவிட்டால் ஆராய்ச்சியை மறுபடி ஆரம்பிப்பார்கள். மருந்து வரும். எங்களை வெளியே தள்ளினாலும் பரவாயில்லை, காலில் விழுந்தாவது ஒரு டப்பா வாங்கிவிடலாம். அந்த ஒரு டப்பாவைத் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமை அவரையும் மற்றவர்களையும் வரிசையில் உட்காரவைத்துவிட்டு டாக்டர் அறைக்குள் போனேன். உள்ளே தரை முழுக்க அட்டைப் பெட்டிகள். கம்பெனியிலிருந்து வந்த ஒருவர் மிச்ச டப்பாக்களை எண்ணிப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். அருணாதேவி கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். டாக்டர் இளவரசன் நாற்காலியில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் இழவு விழுந்த மாதிரி முகம்.

"உங்க வீட்டுக்காரருக்கு ரத்தத்துல உப்பு அளவு ரொம்ப ஏறிடுச்சும்மா. டயாலிசிஸ் தேவைப்படும். அடுத்த புதன்கிழமை கையில ரத்தக்குழாயை இணைச்சுத் தைச்சு ரெடி பண்ணி வெச்சிடலாம்" என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கூழ், குண்டான், பதினோரு டப்பா, அடி அண்ணாமலை ஏழு பேர். கம்பெனிக்காரர் டேப் ஒட்டுவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார். அருணாதேவி முகத்தை மூடிக்கொண்டாள்.

டாக்டர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முப்பதுல பதினெட்டுப் பேரா?" என்றார். அப்புறம், "பன்னிரண்டு வருஷம்மா" என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"சார், மறுபடியும் ஆரம்பிங்க சார். நான் எழுதிக் குடுக்கறேன். எங்க தப்புன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கறேன்."

"யார் ஆரம்பிக்கறது? மருந்து இப்ப பல்கலைக்கழகத்தோடது இல்ல. ஒப்பந்தத்துல கம்பெனிக்கு எழுதிக் குடுத்தாச்சு. அவங்க இதை மூடிட்டாங்க. நீங்க சொன்னதை நான் மேல எழுதுவேன், எழுதித்தான் ஆகணும். எழுதினா இந்த இடத்தை நம்ப முடியாதுன்னு சொல்வாங்க. அவ்வளவுதான் நடக்கும்."

நான் பெட்டிகளைக் காட்டினேன். "இதெல்லாம் எங்க போவுது?"

கம்பெனிக்காரர்தான் பதில் சொன்னார். "திரும்ப எடுத்துட்டுப் போய் எரிச்சிடுவோம் மேடம். விதிமுறை."

"எரிக்கப்போற மருந்துதானே சார்? நல்லதாப் பாத்து ஒரு டப்பா குடுங்க. ஒண்ணே ஒண்ணு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எண்ணும்போது கம்மியாப் போச்சுன்னு எழுதிடுங்க சார்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கம்பெனிக்காரர் பயந்து பின்னால் போனார். டாக்டர் எழுந்து வந்து என் பக்கத்தில் குனிந்தார்.

"அது என் மருந்தும்மா. அதுல ஒரு மாத்திரை எடுக்க எனக்கே உரிமை இல்ல" என்றார். கோபம் என்மேலா, கம்பெனிமேலா, எனக்குத் தெரியவில்லை.

அருணாதேவி வந்து என்னைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தாள். அப்போதுதான் அதைக் கேட்டேன். கேட்காமலே வெளியே வந்திருக்கலாம்.

"அவர் டப்பாவுல இன்னா இருந்துச்சு?"

அருணாதேவி டாக்டரைப் பார்த்தாள். ஆராய்ச்சி முடிந்துவிட்டதால் சொல்லலாம் என்று அவர் தலையசைத்தார். அவள் கம்ப்யூட்டரில் தேடினாள். திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மருந்துதான் அக்கா."

"வாந்தி எடுத்தாரே?"

"இந்த மருந்துக்கு அந்தக் குணம் உண்டும்மா" என்றார் டாக்டர். "உடம்பு பழகறதுக்குச் சில மாசம் ஆகும்."

"முதல் மூணு மாசமும் அண்ணனுக்கு அளவு ஏறவே இல்லக்கா. அப்படியே நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஆடிக்கு அப்புறம்தான் ஏற ஆரம்பிச்சிருக்கு" என்றாள் அருணாதேவி.

பரசுராமனுக்கு வெத்து மாத்திரை. ஜோதியம்மாளுக்கும் வெத்து மாத்திரை. கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

வெளியே வந்தபோது என் வீட்டுக்காரர் வேப்பமரத்தடியில் தனியாக நின்றிருந்தார். அடுத்த புதன்கிழமை அறுக்கப்போகும் இடத்தை நர்ஸ் இடது கையில் நீலப் பேனாவால் கோடு போட்டு அனுப்பியிருந்தாள். சட்டைக் கையை மடித்துவிட்டபடி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சொன்னாங்க?"

சொல்லிவிட்டேன். எதையும் மறைக்கவில்லை. அடிப்பார், அடிக்கட்டும் என்று நின்றேன். பதினாறு வருஷத்தில் ஒரு தடவை கை ஓங்கியவர் இல்லை. அன்றைக்கு அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு உயிரோடு இருந்திருப்பேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நீ எதையும் யாரையும் கேக்காமதான செய்வ? இத்தை மட்டும் ஏன் உண்ணா போய்க் கேட்டுக்கினு வந்த?" என்றார்.

"மாமா…"

"எனக்கு வந்தது வெத்து மாத்திரைன்னு நெனச்சிக்கினே போயிருப்பனே. தலையெழுத்துன்னு இருந்திருப்பனே."

வேனைப் பார்த்து நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

வேனில் எல்லாரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. ஜோதியம்மாள் பக்கத்து சீட்டிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இங்க குந்து நைனா" என்று அவருக்கு இடம் விட்டாள். அவளுக்கு ரிப்போர்ட் அவ்வளவு மோசமில்லையாம். இன்னும் ரெண்டு வருஷம் டயாலிசிஸ் இல்லாமல் ஓட்டலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். முகமெல்லாம் சிரிப்பு.

"உண்ணாமல, நீதான உள்ள போன. எனக்கு இன்னா மாத்திரை குடுத்தாங்கன்னு எதனா சொன்னாங்களா? எனக்கு மருந்து வந்துச்சா கண்ணு?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"வந்துச்சு யக்கா" என்றார். "உனக்கு வந்துச்சு."

"அப்டிச் சொல்லு! எனக்கு அன்னிக்கே தெரியும்" என்று ஜோதியம்மாள் கையெடுத்து மலை இருந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். அவர் சட்டைக் கையை இறக்கி நீலக் கோட்டை மறைத்துக்கொண்டார். அந்தப் பாவப்பட்ட பொம்பளை என்னைப் பெற்றவளுக்குச் சமம். அவள் உயிரோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை, கீழ்பென்னாத்தூர் வந்து சேரும்வரை, என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.